கம்பளித் தொப்பியா, ஹெல்மெட்டா? பனிச்சரிவில் தலையைக் காப்பது எது

பனிச்சறுக்கில் ஹெல்மெட் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். தலைக்காயம் குறைந்திருக்கிறது என்பார் ஒருவர். அத்தனை பேர் ஹெல்மெட் போட்டும் சாவு குறையவில்லையே என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் அவை இரண்டு வேறு விபத்துகளைப் பற்றியவை.

முதலில் காயக் கணக்கு. நார்வேயின் பனிச்சறுக்கு மையங்களில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், ஹெல்மெட் அணிந்தவர்களுக்குத் தலைக்காய வாய்ப்பு 60 சதவீதம் குறைவாக இருந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2005-இல் வெளியான ஆய்வு 29 சதவீதம் என்றது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டின் அலசல் 35 சதவீதத்தில் வந்து நின்றது. எண்கள் ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும் எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

இனி சாவுக் கணக்கு. அமெரிக்காவில் 2002-03 பருவத்தில் நான்கில் ஒருவர்தான் ஹெல்மெட் அணிந்தார். பத்தாண்டுகளில் அது சுமார் 70 சதவீதமானது. அந்த அளவுக்கு உயிரிழப்பு குறையவில்லை. காரணம் ஹெல்மெட்டைச் சோதிக்கும் முறையிலேயே இருக்கிறது. ஐரோப்பாவின் இஎன் 1077 தரச்சோதனையில் ஹெல்மெட்டை ஒரு போலித் தலையில் மாட்டி 1.5 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விடுவார்கள். மோதும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரை நெருங்கும். தலை உணரும் அதிர்வு 250 ஜி-க்கு, அதாவது புவியீர்ப்பைப்போல 250 மடங்குக்கு, மேல் போகக்கூடாது. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்2040 சோதனையில் உயரம் 2 மீட்டர், வேகம் சுமார் 22 கிலோமீட்டர், வரம்பு 300 ஜி.

ஓரளவு பழகியவரே சரிவில் 40 கிலோமீட்டர் வேகத்தை எளிதாகத் தொடுவார். அந்த வேகத்தில் மரத்தில் நேராக மோதினால் ஆற்றல் ஐரோப்பியச் சோதனையைப்போல நான்கு மடங்கு. ஆறு மீட்டர் உயரத்திலிருந்து தலைகீழாக விழுவதற்குச் சமம். கடையில் கிடைக்கும் எந்த ஸ்கீ ஹெல்மெட்டும் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. உயிரிழப்புகளில் பெரும்பங்கு இப்படி மரத்திலோ பாறையிலோ மோதி நடப்பவை. கழுத்தும் மார்பும் நொறுங்கும் விபத்தில் தலைக்கு மட்டும் கவசம் இருந்து என்ன பயன்?

ஆனால் அன்றாட விழுகை வேறு மாதிரி. சரிவில் விழுபவரின் முன்னோக்கிய வேகம் பனியில் வழுக்கிக் கரைந்துவிடும். தலை தரையைத் தொடும்போது தாங்கவேண்டியது நின்ற உயரத்திலிருந்து விழுந்த வேகத்தை மட்டுமே. அது சோதனை வேகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. காலையில் இறுகிக் கிடக்கும் பனி சிமெண்ட் தரைபோலக் கடினமானது. இரு காலையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்கும் ஸ்னோபோர்டைப் பழகுபவருக்குப் பலகையின் பின்னோரம் பனியில் மாட்டினால் கையூன்ற நேரமே கிடைக்காது, பின்மண்டைதான் முதலில் அடிபடும். ஸ்னோபோர்டில் கால் வைக்கும் முதல் நாளிலேயே ஹெல்மெட் வேண்டும் என்று அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இரண்டு விபத்துகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2009 மார்ச்சில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கியூபெக்கின் மோன் திரோம்ப்லானில், தொடக்கநிலையினருக்கான சரிவில் பயிற்சியின்போது விழுந்தார். ஹெல்மெட் இல்லை. முதலில் நன்றாகப் பேசினார், இரண்டு நாளில் உயிர் போயிற்று. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. 2013 டிசம்பர் 29-இல் கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் பிரான்சின் மெரிபெலில், சீர்செய்த பாதைக்கு வெளியே பாறையில் தலை மோதி விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்தும் மூளை கடுமையாகக் காயப்பட்டது. ஹெல்மெட் எதற்கு உதவும், எங்கே அதன் எல்லை முடிகிறது என்பதை இந்த இரண்டும் காட்டுகின்றன.

தொப்பிக்காகச் சொல்லப்படும் வாதங்களையும் ஒதுக்கிவிட முடியாது. காது மூடினால் பின்னால் வருபவரின் ஓசை மங்கும் என்பது மெய்தான். கடினக் காதுமூடியில் அது கூடுதலாகவே தெரியும். பக்கப்பார்வை குறையும் என்பது சரியல்ல. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் ஆய்வாளர்கள் சோதித்தபோது பக்கத்தில் தோன்றும் பொருளைக் கவனிக்கத் தாமதம் ஏற்படுத்தியது காகிள்ஸ் என்ற பனிக்கண்ணாடிதான், ஹெல்மெட் அல்ல. கழுத்துக்காயம் கூடும் என்ற பயத்துக்கும் மேலே சொன்ன 2010 அலசலில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஹெல்மெட் இருக்கிறது என்ற துணிச்சலில் வேகம் கூடும் என்ற வாதத்துக்குச் சான்றுகள் இரு பக்கமும் இருக்கின்றன. அப்படிப்பட்ட துணிச்சல் உங்களுக்கு வருமென்றால் குறைக்கவேண்டியது வேகத்தைத்தான்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இத்தாலியில் 2025 நவம்பர் முதல் எல்லா வயதினருக்கும் கட்டாயம். கனடாவின் நோவா ஸ்கோஷியா 2012-லேயே அப்படிச் செய்துவிட்டது. போலந்தில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும். ஈழத்தமிழர் பலர் வாழும் சுவிட்சர்லாந்தில் நாடு தழுவிய கட்டாயம் இல்லை. ஆனாலும் அங்கே பெரும்பாலானோர் தாங்களாகவே அணிகிறார்கள்.

நம் ஊரிலிருந்து பனிச்சறுக்குக்காகக் காஷ்மீரின் குல்மார்க்குக்கோ உத்தராகண்டின் ஔலிக்கோ போகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் பைக் ஹெல்மெட் போதாதா? போதாது. அது ஒரு கிலோவைத் தாண்டும், நாள் முழுக்கக் கழுத்து சுமக்கும். முகம் மூடியதென்றால் மூச்சு கண்ணாடியில் படிந்து பார்வையை மறைக்கும், காகிள்ஸும் உட்காராது. சைக்கிள் ஹெல்மெட்டில் பின்மண்டை, காதோரப் பாதுகாப்பு குறைவு. கூரிய பொருள் துளைக்கிறதா என்ற சோதனையும் அதற்குக் கிடையாது. ஐரோப்பியத் தரம் பெற்ற ஸ்கீ ஹெல்மெட்டில் அந்தச் சோதனை உண்டு, -25 டிகிரி குளிரில் வைத்தெடுத்தும் மோதிப் பார்ப்பார்கள்.

ஐரோப்பியத் தரத்தில் ஸ்கீ ஹெல்மெட்டுக்குள்ளும் ஏ, பி என்று இரண்டு வகுப்பு. ஏ வகுப்பில் கடின ஓடு காதையும் மூடும், துளைச்சோதனையில் 3 கிலோ கூம்பு 75 சென்டிமீட்டரிலிருந்து விழும். பி வகுப்பில் காதுப்பகுதி மெத்தென்ற துணி, கூம்பு விழும் உயரம் பாதிதான். பந்தயத்துக்கும் கம்பங்களுக்கு நடுவே பயிற்சி செய்பவருக்கும் ஏ. மற்றவர்களுக்கு பி போதும், காதும் நன்றாகக் கேட்கும்.

ஓட்டைப் பொறுத்தவரை, மெல்லிய பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கும் உள்ளே தெர்மாகோலும் ஒன்றாக வார்க்கப்பட்டவை இலகுவானவை, 400 கிராம் அளவில் இருக்கும். தடித்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஓடு 500 கிராமைத் தாண்டும். ஆனால் பையில் இடிபட்டாலும் கீழே போட்டாலும் தாங்கும். வாடகைக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே நல்லது. மிப்ஸ் என்று மஞ்சள் வட்டம் ஒட்டியவற்றில் வழுக்கும் மெல்லிய அடுக்கு ஒன்று உள்ளே இருக்கும். சாய்வாக மோதும்போது ஓடு தலையைச் சுற்றி 10 முதல் 15 மில்லிமீட்டர் நகர்ந்து, மூளையைத் திருகும் விசையைக் குறைக்கும். கூடுதல் காசு கையில் இருந்தால் வாங்கலாம். ஆனால் தலைக்குச் சரியாகப் பொருந்தாத மிப்ஸைவிடப் பொருந்தும் சாதா ஹெல்மெட்டே மேல்.

பொருத்தம் பார்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நாடாவைச் சுற்றி அளவெடுங்கள். ஹெல்மெட்டைப் போட்டு, பட்டையை மாட்டாமல் தலையை ஆட்டுங்கள். நெற்றித் தோலும் சேர்ந்து அசைந்தால் சரி, ஹெல்மெட் மட்டும் ஆடினால் ஒரு அளவு சிறியது வேண்டும். காகிள்ஸின் மேல்விளிம்புக்கும் ஹெல்மெட்டுக்கும் இடையே நெற்றி தெரியக்கூடாது. தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழைந்தால் போதும். உள்ளே தடித்த கம்பளித் தொப்பி போட்டால் இந்த அளவெல்லாம் வீணாகும். குளிர் தாங்கவில்லையென்றால் தலையையும் கழுத்தையும் மூடும் மெல்லிய துணியுறையான பாலகிளாவா மட்டும் போடலாம். பிள்ளைக்கு வளர்ந்தபின் சரியாகும் என்று பெரிய அளவு வாங்கவே கூடாது.

வாடகைக் கடையில் உள்மெத்தையைக் கழற்றித் தெர்மாகோலைப் பாருங்கள். கீறல், விரிசல், அமுங்கிய குழி எது இருந்தாலும் வேறு கேளுங்கள். தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் மீளாது, அடுத்த அடியைத் தாங்க அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது. சொந்த ஹெல்மெட்டும் பலமான அடி வாங்கினால் வெளியே ஓடு பளபளவென்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். தலையில் அடிபட்டவர் அன்று மீண்டும் சரிவுக்கு ஏறக்கூடாது. ஒரு நாள் முழுக்கத் தனியே விடாதீர்கள். தலைவலி ஏறிக்கொண்டே போவது, வாந்தி, பேச்சுக் குழறல், தூக்கத்திலிருந்து எழுப்பமுடியாமை, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.