கட்டணத்தைக் கட்டுவதா, சம்பளத்தோடு பயிற்சியா?

உயர்கல்வி, வேலைவாய்ப்பு இரண்டையும் முன்னேற்ற நினைக்கும் அமெரிக்க மாநில சட்டமன்ற உறுப்பினருக்கு, டென்னசி, தென் கரோலினா என்ற இரு மாநிலங்கள் இரண்டு வழிகளைக் காட்டுகின்றன.

டென்னசியில் 2014ல் 'டென்னசி பிராமிஸ்' சட்டமானது. பள்ளி முடித்ததும் இரண்டாண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரியிலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ சேர்பவருக்கு, மற்ற உதவித்தொகைகள் போக மிச்சமிருக்கும் கட்டணத்தை மாநிலமே கட்டுகிறது. பணம் லாட்டரி வருமானத்திலிருந்து வருகிறது. மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் 8 மணி நேரம் சமூக சேவை செய்ய வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் 'மிச்சம்' என்பதில்தான் சிக்கல். பரம ஏழை மாணவரின் கட்டணத்தைப் பெரும்பாலும் மத்திய அரசின் பெல் உதவித்தொகையே அடைத்துவிடும். இந்தத் திட்டத்திலிருந்து அவருக்கு எதுவும் வராது. புத்தகம், பெட்ரோல், வீட்டு வாடகை எதற்கும் இந்தத் திட்டம் பணம் தராது.

தென் கரோலினா 2007ல் தொழிற்பழகுநர் பயிற்சியைக் கையில் எடுத்தது. பயிற்சி தரும் நிறுவனத்துக்கு வரிச்சலுகை, கற்பவருக்கு முதல் நாளிலிருந்தே சம்பளம். ஆனால் ஆள் எடுக்க நிறுவனம் முன்வர வேண்டுமே! தொழிற்சாலை இல்லாத கிராமத்துப் பையனுக்கு இதில் என்ன இருக்கிறது?

நான் டென்னசி பக்கம்தான். ஆனால் அடுத்த பட்ஜெட்டில் வரும் முதல் டாலர், அந்த ஏழை மாணவரின் புத்தகத்துக்கும் போக்குவரத்துக்கும் போக வேண்டும்.