வடிகட்டியில் சிக்கிய மாசுகளை அறிய: செந்நிறக்கீழ் நிறமாலையா, ராமன் நிறமாலையா?

நுவரெலியா, ஹற்றன் பகுதி நீர்த்திட்டங்களின் வடிகட்டி மென்சவ்வில் படிந்தவற்றைக் கண்காணிக்க எம்முறையைத் தெரிவது என்று தயங்குவோர்க்கு இவ்வொப்பீடு. செந்நிறக்கீழ் முறை, பொருள் உறிஞ்சும் செந்நிறக்கீழ்க் கதிரைக் கொண்டும், ராமன் முறை, லேசர் ஒளி பொருளில் பட்டுச் சிதறுகையில் அடையும் அலைநீள மாற்றத்தைக் கொண்டும் சேர்மங்களை இனங்காண்பன.

ஈரம்: நீர் செந்நிறக்கீழ்க் கதிரை வலுவாக உறிஞ்சி, 1640 செ.மீ⁻¹ அலையெண்ணுக்கு (ஒரு சென்ரிமீற்றரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) அருகில் பிற சேர்மங்களின் தடயத்தை மறைப்பதால், மாதிரியை உலர்த்தியே ஆகவேண்டும். தூறல் ஓயாத மலையகத்தில் இது சிறு வேலையன்று. ராமன் முறையில் நீரின் குறுக்கீடு மிகக் குறைவு.

நுண்மை: ராமன் நுணுக்குக்காட்டி ஏறத்தாழ 1 மைக்ரோமீற்றர் துணிக்கையையும் இனங்காணும், மற்றையது பெரும்பாலும் 10 மைக்ரோமீற்றருடன் நின்றுவிடும்.

ஒளிர்வு: மழைக்குப்பின் ஓடைகள் கொண்டுவரும் உக்கிய இலைதழைச் சேர்மங்கள் லேசர் பட்டதும் ஒளிர்ந்து ராமன் குறிகையை மூழ்கடித்துவிடும். செந்நிறக்கீழ் முறைக்கு இத்தொல்லை இல்லை.

ஆகவே கலங்கிய ஓடைநீருக்கு, உலர்த்தும் சிரமம் இருந்தாலும், செந்நிறக்கீழ் முறையையே பரிந்துரைப்பேன். தெளிந்த ஊற்றுநீரில் நுண்பிளாஸ்டிக் தேடுவோர் ராமனை நாடலாம். மரக்கறித் தோட்டங்களிலிருந்து கரைந்துவரும் நைத்திரேற்றுக்கோ இரண்டும் வேண்டியதில்லை; 220 நானோமீற்றரில் நீரின் கழியூதா உறிஞ்சலை அளந்து, கரைந்த சேதனப் பொருள்களும் அங்கே உறிஞ்சுவதால் 275 நானோமீற்றர் அளவீட்டைக் கொண்டு திருத்தினால் போதும்.