மூன்று பேர், ஆறு மணிகள்: ரிங்கிங் ரூமில் கைமணி பழகுவது

ஆங்கிலேயர்களின் கைமணி அடிக்கும் கலையைப் பழக ஆசை இருந்தால் உடனே மணி வாங்கப் போகாதீர்கள். முதலில், பலர் சேர்ந்து திரையிலேயே மணியடிக்கும் ரிங்கிங் ரூம் என்ற இணையதளத்தைத் திறந்து பாருங்கள். கட்டணம் இல்லை, விளம்பரத் தொல்லை இல்லை, சாதாரண மடிக்கணினி போதும். நான் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன், மருத்துவமனையில் இரவுப் பணி. தேவாலயக் கோபுரத்தில் பயிற்சி நடக்கும் மாலையில் பெரும்பாலும் வார்டில்தான் நிற்பேன். இந்தத் தளம் இல்லையென்றால் இந்தக் கலைக்குள் வந்திருக்கவே மாட்டேன்.

2020 மார்ச்சில் கொரோனாவால் கோபுரங்கள் மூடப்பட்டபோது, அமெரிக்காவில் இருந்த மணியடிப்பாளர்கள் இருவர் இதை உருவாக்கினார்கள். கோபுரங்கள் திறந்த பிறகும் இதன் தேவை குறையவில்லை.

சேஞ்ச் ரிங்கிங் என்ற இந்தக் கலையில் ராகம், பாட்டு எதுவும் கிடையாது. ஆறு மணிகள் என்றால் கீச்சென்ற சிறிய மணியில் தொடங்கிக் கனத்த மணி வரை 1, 2, 3, 4, 5, 6 என்று வரிசையாக ஒலிக்கும். இதற்கு ரவுண்ட்ஸ் என்று பெயர். அப்புறம் வரிசைக்கு வரிசை மணிகள் இடம் மாறிக்கொண்டே போகும். ஒரு மணி ஒரு தடவைக்கு ஓர் இடம்தான் நகரலாம். ஆறு மணிகளுக்கு மொத்தம் 720 வரிசைகள். எல்லாவற்றையும் அடிப்பதானால், ஒரு வரிசைகூட இரண்டாம் முறை வராமல் அடித்து முடித்து ரவுண்ட்ஸுக்குத் திரும்ப வேண்டும். கையில் தாள் வைத்துக்கொள்வதில்லை, எல்லாம் மனப்பாடம். நம்மூர்ப் பின்னல் கோலாட்டத்தில் கயிறுகள் பின்னிப் பிரிவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அழகு சட்டென்று புரியும்.

கோபுரத்தில் ஆளுக்கு ஒரு கயிறு, ஒரு மணி. கைமணியில் ஆளுக்கு இரண்டு, கைக்கு ஒன்று. அதனால் நான், என் கணவர், எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை என்று மூன்று பேர் உட்கார்ந்தாலே ஆறு மணி ஆகிவிடுகிறது. கஷ்டமும் அங்கேதான் தொடங்குகிறது. இடக்கை ஒரு பாதையில் போகும், வலக்கை வேறு பாதையில். இரண்டையும் தனித்தனியாக எண்ணிக்கொண்டிருந்தால் மூளை திணறிவிடும். இரண்டு மணிகளும் சேர்ந்து போடும் உருவத்தை ஒன்றாகப் பார்க்கப் பழக வேண்டும்.

மிக எளிய அமைப்பான பிளெய்ன் ஹன்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாற்றங்களில் ரவுண்ட்ஸுக்குத் திரும்பிவிடும். 1-2 ஜோடியை வைத்திருப்பவருக்கு ஒரு மணி முன்னால் ஓட, இன்னொன்று அதைத் துரத்தும். பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் வேறொருவரின் மணி ஒன்று ஒலிக்கும், வரிசையின் முதலிலும் கடைசியிலும் மட்டும் அடுத்தடுத்து வரும். 5-6 ஜோடியும் இதே போலத்தான். ஆனால் 3-4 ஜோடிக்கு நடப்பதே வேறு. ஒரு கை முதல் இடத்தில் அடிக்கும்போது மறு கை கடைசி இடத்தில் இருக்கும். பிறகு இரண்டும் நெருங்கி வந்து நடுவில் கடந்து எதிர்த்திசையில் விலகும். இந்த உருவம் கைக்குள் இறங்கும் நாள் வரை பிளெய்ன் பாப் என்ற அடுத்த அமைப்பின் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே 1ஆம் மணி முன்னால் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் பின்னால் இருப்பவை டாட்ஜ் செய்யும், அதாவது ஓர் இடம் திரும்பிப் போய் மறுபடி தம் பாதையில் தொடரும், இரு கைகளுக்கும் இடையிலான உறவே மாறிவிடும்.

இதைப் பழகத்தான் ரிங்கிங் ரூம் அருமையாக உதவுகிறது. திரையில் மணிகள் வட்டமாக நிற்கும். கோபுர மணியா கைமணியா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். நமக்கு ஒதுக்கிய ஜோடி திரையின் கீழ்ப்பக்கம் வந்துவிடும். எஃப் விசை இடக்கை மணி, ஜே விசை வலக்கை மணி, அவ்வளவுதான். ‘லுக் டு’, ‘கோ’, ‘பாப்’, ‘தட்ஸ் ஆல்’ என்று தலைவர் சொல்லும் கட்டளைகளுக்கும் பொத்தான்கள் உண்டு. பேசிக்கொள்ளும் வசதி மட்டும் இதில் இல்லை. பக்கத்தில் ஜூம் மாதிரி ஏதாவது ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஆள் வரவில்லையா, வீட்லி இருக்கிறது. யாருக்கும் ஒதுக்காத மணிகளை நாம் சொன்ன மெத்தடில், அதாவது மணிகள் இடம் மாறும் அமைப்பில், தானே அடிக்கும் நிரல் இது. நாம் மெதுவாகப் போனால் நம் வேகத்துக்கு இறங்கி வரும். இரவுப் பணி முடிந்து தூக்கம் வராத காலைகளில் இதோடுதான் பழகுகிறேன். ஆனாலும் எதிரில் உட்கார்ந்து கண்ணைப் பார்த்து அடிக்கும் ஒருவருக்கு இது ஈடாகாது. நான் தடுமாறும்போது எதிர்வீட்டு அம்மா தன் இரு மணிகளையும் அடித்துக்கொண்டே “யூ லீட்” (முதல் இடம் உன்னுடையது) என்று எனக்கும் இடம் சொல்வார். அந்த உதவி எந்த நிரலிடமிருந்தும் வராது.

இணையத்தில் ஒலி போய்த் திரும்பும் தாமதம் ஒன்று இருக்கவே செய்யும். விசையைத் தட்டிய ஒரு கணம் கழித்துத்தான் மணி கேட்கும். சற்று முந்தித் தட்டப் பழகிவிடுவோம், ஆனால் அந்தப் பழக்கத்தோடு நிஜ மணியைத் தூக்கினால் முந்திக்கொண்டு விழும். அதனால் வாரம் ஒருமுறையாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து உண்மையான மணிகளை அடியுங்கள். தோல் பிடியைப் பற்றி மேலே தூக்கும்போது ஓர் அடி, கீழே இறக்கும்போது ஓர் அடி. அந்தக் கனமும், இரண்டு வரிசைக்கு ஒருமுறை விடும் சின்ன இடைவெளியும் விசைப்பலகையில் கிடைக்காது.

பொறுமைக்கு எல்லை எது என்று தெரிய வேண்டுமென்றால் எங்கள் மாவட்டத்து வில்லிங்ஹாமைக் கேளுங்கள். 2007இல் அங்கே மூன்று பேர் ஆறு கைமணிகளில் 72,000 மாற்றங்களை இடைவிடாமல் அடித்தார்கள். நூறு மெத்தடுகள், ஒவ்வொன்றிலும் 720 வரிசைகள், 24 மணி நேரம் 9 நிமிடம்.

நாங்கள் இப்போது எட்டு மணிகளுக்குப் போகப் பார்க்கிறோம். அதற்கு நான்காவது ஆள் வேண்டும், கிராமத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதுவரை 7-8 ஜோடி வீட்லியின் பொறுப்பு.