சிவில் வழக்கில் ஜூரியா, நீதிபதியா? நான் ஜூரியைக் கேட்டது ஏன்

நியூ ஜெர்சியில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். வெளி மாநில நிறுவனம் விற்ற இயந்திரம் ஓயாமல் பழுதாக, நஷ்டஈடு கேட்டு ஃபெடரல் கோர்ட்டுக்கு, அதாவது அமெரிக்க மத்திய அரசின் கோர்ட்டுக்குப் போனேன். "ஜூரி வேண்டுமா, நீதிபதியே போதுமா?" என்றார் வக்கீல். ஜூரி என்பது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு. ஊரில் முன்சீப் கோர்ட்டை மட்டுமே பார்த்து வளர்ந்தவன்; சிவில் வழக்கில் இப்படியொரு கேள்வி வரும் என்றே தெரியாது.

இந்த உரிமை அமெரிக்க அரசியலமைப்பில் 1791-இல் வந்த ஏழாவது திருத்தத்தில் இருக்கிறது. 20 டாலருக்கு மேற்பட்ட வழக்குக்கு ஜூரி கேட்கலாம். அந்தத் தொகை இன்றும் மாறவில்லை. மாநில கோர்ட்டுகளை இது கட்டுப்படுத்தாது, அங்கே அந்தந்த மாநிலச் சட்டம்தான். தடை உத்தரவு மட்டும் கேட்டால் ஜூரி கிடையாது.

நீதிபதி மட்டும் விசாரித்தால் செலவு குறைவு, வேகமாக முடியும். கணக்கு வழக்கு சிக்கலாக இருந்தால் அவரிடம் விடுவதே நல்லது.

என்னை ஜூரி பக்கம் சாய்த்தது மேல்முறையீடு. நீதிபதி தீர்ப்பளித்தால், எந்த உண்மையை ஏன் ஏற்றார் என்று எழுதியாக வேண்டும். தோற்றவர் அந்த எழுத்தை வரிவரியாகப் பிடித்துக்கொண்டு மேலே போவார். தெளிவான பிழை என்று காட்டினால் அது கவிழும். ஜூரியோ பெரும்பாலும் யார் பக்கம், எவ்வளவு தொகை என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஜூரி முடிவு செய்த உண்மையை வேறு கோர்ட் இஷ்டத்துக்குக் கிளறக் கூடாது என்று அதே திருத்தம் சொல்கிறது. உண்மை விஷயத்தில், நியாயமான எந்த ஜூரியும் அப்படி முடிவெடுத்திருக்க முடியாது என்று காட்டினால்தான் தீர்ப்பு மாறும். விசாரித்த நீதிபதி புது விசாரணைக்கு உத்தரவிடலாம். அதுவும் சுலபமாக நடப்பதில்லை. வருஷக்கணக்கில் மேல்முறையீட்டுக்குப் பணம் கட்ட வசதியில்லாத என் போன்றவர்களுக்கு இது பெரிய பலம். தோற்றால் இதே பூட்டு நம் மேலும் விழும் என்பது தெரிந்தே எடுத்த முடிவு.

ஜூரியில் 6 பேர் முதல் 12 பேர் வரை இருப்பார்கள். இரு தரப்பும் வேறுமாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் தீர்ப்பு ஒருமனதாக வர வேண்டும். அவர்கள் எப்படி யோசிப்பார்கள் என்று அனுபவத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது. ஜூரி தேர்வுக்குச் சில வாரம் முன்பு எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்துவிட்டது. ஜூரி பயம்தான் காரணம் என்று நான் நம்புகிறேன், நிரூபிக்க வழியில்லை.

கேட்பதாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அந்த விவகாரம் குறித்த கடைசி மனுவோ பதிலோ மறுதரப்புக்கு முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட 14 நாளுக்குள் எழுத்தில் கேட்காவிட்டால் உரிமையை விட்டுக்கொடுத்ததாகிவிடும். கேட்டபின் மனம் மாறினாலும், எதிர்த்தரப்பு சம்மதிக்காமல் திரும்பப் பெற முடியாது.