மாவிலைப் பூஞ்சையும் ஒளிர்வு நுண்ணோக்கியும்: மூன்றாண்டு அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாந்தோப்புகளில் ஆந்த்ராக்னோஸ் நோயை உண்டாக்கும் கொலட்டோட்ரைக்கம் பூஞ்சை பிஞ்சிலேயே தொற்றிவிடுகிறது. ஆனால் காய் பழுக்கும்வரை தோலுக்கடியில் அடங்கிக் கிடந்து, பெரும்பாலும் பறித்த பிறகே கரும்புள்ளியாக வெளிப்படுகிறது. அந்த அடங்கிய நிலையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எங்கள் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு சாயமேற்றிய பகுதிகளை ஒளிரச் செய்து காட்டும் ஒளிர்வு (ஃப்ளோரசன்ஸ்) நுண்ணோக்கி ஒன்றை வாங்கினோம்.

2022 தொடக்கத்தில் விலைப்புள்ளி பெற்றபோது 5 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி., ஆய்வு நிறுவனங்களுக்கான சலுகை அவ்வாண்டு ஜூலை 18 முதல் நீக்கப்பட்டதால் 18 விழுக்காடானது. ஏதாவது ஒன்றைக் கைவிட வேண்டிய நிலையில், மாதிரியை வைக்கும், மோட்டாரில் நகரும் மேடையை விட்டுவிட்டு ஒளிமூலத்தையும் லென்ஸையும் காப்பாற்றிக்கொண்டோம். அது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன்.

இவ்வகை நுண்ணோக்கிகளில் ஒளிமூலமாகப் பயன்படும் பாதரச விளக்கின் ஆயுள் ஏறத்தாழ 200 முதல் 300 மணி நேரம்தான். அணைந்தால் சூடு ஆறும்வரை மீண்டும் ஏற்றவும் கூடாது. கோடை மழைக்கு முன் காற்றடித்தாலே மின்சாரம் போய்விடும் எங்கள் பகுதியில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எல்.இ.டி. ஒளிமூலம் பல்லாயிரம் மணி நேரம் உழைக்கும், நினைத்தவுடன் எரியும், அணையும். மூன்றாண்டுகளில் அதற்கென ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

லென்ஸில் உருப்பெருக்கத்தைவிட, அது எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியைச் சேர்க்கிறது என்பதைக் காட்டும் எண் துளையளவே (numerical aperture) முக்கியம். படத்தின் வெளிச்சம் அதன் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவதால், 0.75 அளவுள்ள 40 மடங்கு உலர் லென்ஸைவிட மாதிரிக்கும் லென்ஸுக்கும் இடையே எண்ணெய்த் துளி இட்டுப் பார்க்கும், 1.3 அளவுள்ள 40 மடங்கு எண்ணெய் லென்ஸ், கணக்குப்படி ஒன்பது மடங்கு வெளிச்சம் தரும். மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் மட்டும் 0.17 மி.மீ. தடிமனில் இருந்தாக வேண்டும்.

நாங்கள் தவறியது, கண்ணுக்கு வரும் ஒளியில் எந்த நிறத்தை விடுவது என்று தீர்மானிக்கும் ஃபில்டரில். பூஞ்சையின் செல்சுவரில் ஒட்டி நீலமாக ஒளிரும் கால்கோஃப்ளோர் ஒயிட் சாயமேற்றிய முதல் மாவிலைத் துண்டை வைத்தபோது, நீலமாகத் தெரிய வேண்டிய பூஞ்சை இழைகளை இலைப் பச்சையத்தின் சிவப்பொளி முற்றிலும் மூழ்கடித்துவிட்டது. எங்களிடம் இருந்தது சிவப்பு உட்பட நீண்ட அலைகளையெல்லாம் உள்ளே விடும் ஃபில்டர். நீல ஒளியின் குறுகிய பட்டையை மட்டும் விடும் ஃபில்டரைத் தனியே வாங்கி மாட்டிய அன்று, கரிய பின்னணியில் பூஞ்சை வித்து ஒன்று முளைத்து, நுனி பருத்து, இலைத் தோலில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். மாணவி ஒருவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை. வாங்கும் முன்பே நம்முடைய சாயத்தையும் நம்முடைய மாதிரியையும் கொண்டுபோய்ச் செயல்விளக்கம் கேட்டிருந்தால் அந்த மாதங்கள் வீணாகியிருக்காது.

பராமரிப்பில்தான் மனக்குறை. ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூரில் சேவைப் பொறியாளர் இருந்தும், தமிழ்நாடு சென்னைக் கிளையின் எல்லை என்று சொல்லி, 250 கி.மீ.க்கு அப்பாலிருந்து ஆள் அனுப்பினார்கள். கேமரா இணைப்புப் பழுதுக்காக ஒருமுறை ஐந்து வாரங்கள் காத்திருந்தோம். அதற்குள் அந்தப் பருவத்துப் பிஞ்சுகள் காயாகிவிட்டன. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, புகார் அளித்த மூன்று வேலை நாட்களுக்குள் அருகிலுள்ள கிளையிலிருந்தே பொறியாளர் வர வேண்டும் என்ற வரியை எழுதிச் சேர்த்த பிறகே கையொப்பமிட்டோம்.