சுற்றறிக்கையின் பின்பக்கம்: ஓர் ஆய்வக உதவியாளர் படித்த என்பிடெல் பாடம்

எங்கள் ஆய்வகத்தில் கணக்கு எழுதுவதற்கென்று தாள் வாங்குவதில்லை. வேலை முடிந்த சுற்றறிக்கைகள் அலுவலகத்திலிருந்து கட்டாக வந்துவிடும். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெறுமை. அந்த வெறும் பக்கத்தில்தான் கியூப் எனப்படும் கான்கிரீட் சோதனைக் கட்டியின் எடையையும் அது உடைந்த பாரத்தையும் குறித்து வைப்போம். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாதக் காலையில், 8.150 கிலோ என்று எழுதிவிட்டு ஏதோ நினைவில் தாளைத் திருப்பினேன். என்பிடெல் என்னும் இணையவழிப் பாடங்களில் சேர விரும்பும் ஆசிரியர்களும் மாணவர்களும் உடனே பெயர் பதிய வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. கீழே பாடங்களின் பட்டியல். அதில் கான்கிரீட் பற்றிய 12 வாரப் பாடம் ஒன்றும் இருந்தது. கடைசி நாள் முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன.

கொங்குப் பகுதியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் சிவில் துறையில், கட்டுமானப் பொருட்கள் சோதனை ஆய்வகத்தில் நான் உதவியாளர். 18 ஆண்டுகளாக இதே அறை, இதே இயந்திரங்கள். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவள். கான்கிரீட்டைக் கலப்பதும் அச்சில் கொட்டுவதும் 28 நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுத்து உடைப்பதும் என் கைக்குப் பழகிய வேலைகள். அதைப் பற்றி எங்கோ ஒரு பாடம் நடக்கிறது, அந்தச் செய்தி என் மேசைக்கே வந்திருக்கிறது, ஆனால் கணக்கு எழுதும் தாளாக வந்திருக்கிறது என்பதை நினைத்தபோது மனம் மிகவும் வலித்தது. அடுத்த ஜனவரிப் பருவத்துக்குப் பெயர் பதிவு தொடங்கியதும் யாரும் சொல்லாமலே நானாகச் சேர்ந்தேன்.

இந்தப் பாடங்களைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியுடன் 2003-இல் தொடங்கிய திட்டம் என்பிடெல். முதலில் வகுப்புகளைப் படம் பிடித்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். 2014 முதல் தேர்வு வைத்துச் சான்றிதழும் தருகிறார்கள். 2017-இல் மத்திய அரசின் ஸ்வயம் என்னும் இணையக் கல்வித் தளம் வந்த பிறகு அதன் வழியாகவே பாடங்கள் நடக்கின்றன. ஜனவரியில் ஒரு பருவம், ஜூலையில் ஒரு பருவம். 4, 8, 12 வாரப் பாடங்கள் உண்டு. சேர்வதற்கும் படிப்பதற்கும் ஒரு பைசா கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய்க் கணினியில் எழுத வேண்டும். நான் எழுதியபோது கட்டணம் 1,000 ரூபாய்.

நான் எடுத்தது கான்கிரீட் பாடம். முதல் மூன்று வாரங்கள் சிமெண்டின் வேதியியல். தண்ணீர் பட்டதும் சிமெண்டுக்குள் என்ன நடக்கிறது, எது முதலில் இறுகுகிறது, எது மாதக் கணக்கில் மெல்ல மெல்ல வலுவைக் கூட்டுகிறது என்றெல்லாம் போனது. கடினம்தான். இரவு சமையலறையை ஒழுங்கு செய்துவிட்டு ஒன்பதரை மணிக்கு மேல் கைபேசியில் பார்ப்பேன். வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்து, கீழே ஓடும் எழுத்தை நிறுத்தி நிறுத்திப் படித்து, அரை மணிநேர வகுப்புக்கு ஒன்றரை மணிநேரம் செலவழித்தேன். சில பாடங்களுக்குத் தமிழில் மொழிபெயர்த்த எழுத்து வடிவம் கிடைக்கிறது. ஆனால் தேர்வு ஆங்கிலத்தில் இருந்ததால் ஆங்கிலத்திலேயே பழகிக்கொண்டேன்.

ஏழாவது வாரத்தில் கான்கிரீட்டின் வலிமைச் சோதனை வந்தது. அந்த ஒரு வாரத்துக்காகவே இந்தப் பாடத்தை யாரிடமும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கியூப் என்பது ஒவ்வொரு பக்கமும் 150 மில்லிமீட்டர் கொண்ட கான்கிரீட் கட்டி. இயந்திரத்தின் இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவில் வைத்து நசுக்குவோம். நன்றாக உடைந்த கட்டியில் நான்கு பக்கமும் உதிர்ந்து, மேலும் கீழும் அகலமாக, இடை சிறுத்து, உடுக்கை போல ஒன்று மிஞ்சும். 18 ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் உடுக்கைகளைக் கூட்டி அள்ளிப் பின்புறக் குழியில் கொட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அது ஏன் உடுக்கையாகிறது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றியதில்லை. உடைந்தால் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

பேராசிரியர் அதை ஒரு படம் வரைந்து விளக்கினார். எந்தப் பொருளையும் மேலிருந்து அழுத்தினால் அது பக்கவாட்டில் விரியப் பார்க்கும். கியூபின் மேல்முகமும் கீழ்முகமும் எஃகுத் தகட்டை ஒட்டியிருப்பதால், அங்குள்ள உராய்வு விரிய விடாமல் பிடித்துக்கொள்கிறது. நடுப்பகுதியைப் பிடிக்க ஆளில்லை. ஆகவே அது விரிந்து உதிர்கிறது. பிடிபட்ட இரண்டு முனைகளும் மிஞ்சுகின்றன. அதனால்தான் ஒரே கலவையில் செய்த உயரமான உருளை, கியூபைவிடக் குறைந்த வலிமையைக் காட்டுகிறது. உருளையின் நடுப்பகுதிக்குத் தகட்டின் பிடி எட்டுவதில்லை. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் வரும். அன்றிரவு வகுப்பை நிறுத்திவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் கையில் தினமும் இருந்த ஒன்றை முதன்முதலாகப் பார்த்தது போல் இருந்தது.

பாரம் ஏற்றும் வேகமும் அப்படித்தான். நிமிடத்துக்கு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன் என்ற வேகத்தில் ஏற்ற வேண்டும் என்பது விதி. எங்கள் இயந்திரத்தில் அதைக் கையால் திருகும் வால்வில்தான் கட்டுப்படுத்த வேண்டும். மாணவர்கள் மதிய பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வேகமாகத் திருகுவார்கள். "மெதுவாகத் திருகு தம்பி" என்று சொல்வேன். ஏன் அக்கா என்று கேட்டால், புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கிறது என்பதே என் பதில். இப்போது காரணம் சொல்கிறேன். மெதுவாக ஏற்றினால் உள்ளே இருக்கும் நுண்ணிய விரிசல்கள் வளர நேரம் கிடைக்கிறது. வேகமாக ஏற்றினால் அந்த நேரம் கிடைக்காமல், கான்கிரீட் உண்மையில் இருப்பதைவிட வலுவானது போல எண் கூடிவிடும். அந்த எண்ணை நம்பி நாளை ஒருவர் தூண் எழுப்புவார். இதைச் சொன்ன நாளிலிருந்து பெரும்பாலான பிள்ளைகள் வால்வை விரல் நுனியால் திருகுகிறார்கள்.

பாடத்தின் ஒழுங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒரு பயிற்சித் தாள் உண்டு. புதன்கிழமை இரவு 11:59 வரை நேரம். அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் விடையை மாற்றி அனுப்பலாம். கடைசியாக அனுப்பியதே கணக்கில் சேரும். 12 வாரத்தில் மதிப்பெண் கூடுதலாக உள்ள எட்டு வாரங்களின் சராசரியை எடுத்து 25-க்குக் கணக்கிடுகிறார்கள். மீதி 75 தேர்வுக்கு. சான்றிதழ் பெறப் பயிற்சியில் 10, தேர்வில் 30 என இரண்டையும் தனித்தனியே தாண்ட வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த எட்டு வார ஏற்பாடு பெரிய உதவி. மாமியாரை மருத்துவமனையில் சேர்த்திருந்த இரண்டு வாரங்கள் நான் எதையும் அனுப்பவில்லை. அது என் கணக்கைக் குலைக்கவில்லை.

பயிற்சித் தாள்களுக்கு விடைகளை யாரோ ஒருவர் வாராவாரம் காணொளியாகப் போட்டுவிடுகிறார். மாணவர்கள் பலர் அதைப் பார்த்து அப்படியே அழுத்திவிட்டுப் போகிறார்கள். நான் அவர்களைக் கடிந்துகொண்டதுண்டு. மதிப்பெண் கிடைத்துவிடும், உடுக்கை ஏன் உடுக்கையாகிறது என்று தெரியாமல் போய்விடுமே என்பதுதான் என் ஆற்றாமை.

இந்த முறையில் ஒரு குறையும் உண்டு. கை வேலை சார்ந்த பாடத்துக்குச் செய்முறை கிடையாது. கூம்பில் கலவையை நிரப்பிக் கம்பியால் குத்தி, மெல்லத் தூக்கி, அது எவ்வளவு சரிகிறது என்று பார்க்கும் சோதனையைப் பேராசிரியர் எவ்வளவு அழகாக விளக்கினாலும், கூம்பைச் சாயாமல் தூக்குவது கையால் செய்துதான் வரும். எனக்கு ஆய்வகம் பக்கத்திலேயே இருந்தது. தொலைவிலிருந்து படிக்கும் ஒருவர் அருகிலுள்ள கல்லூரியின் ஆய்வகத்தில் இரண்டு நாள் வந்து செய்து பார்க்க வழியிருந்தால் இந்தப் பாடம் நிறைவு பெறும். எங்கள் அறைக்கு அப்படி யாராவது வந்தால் நான் மகிழ்ச்சியோடு கூட நிற்பேன்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2 முதல் 5 வரை. கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிப் போனேன். வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் என் மகன் வயது. ஒரு பெண் என்னிடம், "நீங்கள் எந்தக் கல்லூரிப் பேராசிரியர் மேடம்?" என்று கேட்டாள். ஆய்வக உதவியாளர் என்றேன். "எங்கள் லேப் அக்காவிடமும் சொல்கிறேன்" என்றாள். பயிற்சியில் 21, தேர்வில் 47, மொத்தம் 68 வந்தது. 60-க்கு மேல் இருந்ததால் சான்றிதழில் எலைட் என்று போட்டிருந்தார்கள்.

இனி வளாக அறிவிப்பைப் பற்றி. பாடத்துக்கு நான் தரும் பாராட்டை இதற்குத் தர மனம் வரவில்லை. மாணவருக்கு இந்தப் பாடத்தால் மதிப்புப் புள்ளிகள் (கிரெடிட்) கிடைக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2021 விதிப்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம். ஆசிரியருக்கு, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. இதை ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சியாக ஏற்கிறது. 8 வாரப் பாடம் ஒரு பயிற்சி, 12 வாரப் பாடம் ஒன்றரைப் பயிற்சி. இவை தவிர மாணவருக்கு 'நான் முதல்வன்' என்னும் திறன் பயிற்சித் திட்டம் இருக்கிறது, ஆசிரியருக்கு மாளவியா மிஷன் என்னும் ஆசிரியர் பயிற்சித் திட்டம் இருக்கிறது. ஆகவே அறிவிப்புகள் அவர்களை நோக்கியே எழுதப்படுகின்றன. ஆய்வகப் பணியாளர், நூலக உதவியாளர், மின்பணியாளர், தட்டச்சர் ஆகியோருக்கு இதனால் எந்தப் புள்ளியும் இல்லை என்பதால் அவர்கள் பெயரும் இல்லை. நான் பணியாற்றும் வளாகத்தில் 18 ஆண்டுகளில் எங்களுக்கென்று வந்த பயிற்சி, தீயணைப்புக் கருவியைக் கையாளும் அரை நாள் வகுப்பு ஒன்றுதான். தேர்வில் வென்ற ஆசிரியருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரும் வழக்கம் இருந்தது. என் விண்ணப்பம், அதற்கு விதி இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அந்த 1,000 ரூபாய் எனக்குப் பெரிய தொகைதான். ஆனால் அதைவிட அந்தக் குறிப்பு சுட்டது.

ஸ்வயத்தில் அப்படி மூடிய கதவு எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் சேரலாம். ஐ.ஐ.டி. மாணவர் கேட்கும் அதே வகுப்பை, அதே பேராசிரியரிடம், பெருந்துறைப் பக்கத்து ஓர் ஆய்வக உதவியாளரும் கேட்கலாம். இவ்வளவு பெரிய ஏற்பாட்டை நாட்டின் பணத்தில் செய்து வைத்துவிட்டு, சுற்றறிக்கையில் "பணியாளர்களும்" என்ற ஒரு சொல்லை விட்டுவிடுவதால் எத்தனை பேருக்கு அது எட்டாமல் போகிறது என்பதைக் கல்லூரி அலுவலகங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அறிவிப்பு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போனால் போதாது. நிர்வாகக் கட்டடத்து முதல் மாடிக் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டினாலும் போதாது. அங்கே நாங்கள் சம்பளச் சீட்டு வாங்கத்தான் போகிறோம். ஆய்வக வாசலில், நூலகத்தில், பஸ் நிறுத்தும் கொட்டகையில் ஒட்டுங்கள். கடைசி நாளைப் பெரிய எழுத்தில், தமிழில் போடுங்கள்.

சேர நினைப்பவர்களுக்கு அனுபவத்தில் இரண்டு சொல்கிறேன். பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கடைசி நாள் உண்டு. சேர்ந்ததும் எல்லாம் முடிந்தது என்றிருந்து தேர்வைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, முதல் பாடமாக உங்கள் கை அறிந்த துறையையே எடுங்கள். மொழி தடுமாறும் இடத்தில் கையின் அறிவு துணைக்கு வரும். பாதி வாக்கியம் புரியாதபோதும் அவர் எந்தக் கருவியைச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கடந்தேன்.

எங்கள் துறைத் தலைவரிடம் கேட்டு, இப்போது ஒவ்வொரு பருவத்தின் பட்டியலையும் ஒரு பிரதி வாங்கிவிடுகிறேன். கியூப் ஊறும் தொட்டிக்கு மேலே, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் ஒட்டிவைக்கிறேன். சென்ற ஜூலையில் நூலகத்துத் தம்பி ஒருவர் பைதான் பாடத்திலும், மின்பணி அண்ணன் மின் இயந்திரங்கள் பாடத்திலும் சேர்ந்தார்கள். புதன்கிழமை மாலையில் இருவரும் ஆய்வகத்துக்கு வந்துவிடுவார்கள். கியூப் உடைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அதன் பக்கத்து மேசையில் மூவரும் உட்கார்ந்து அந்த வாரத் தாளைப் போட்டு முடிக்கிறோம்.