விளக்கு எரிந்தது, முன்சக்கரம் சுற்றவில்லை: பழைய ஜிப்ஸி வாங்கப் போகிறவர்களுக்கு

3,85,000 ரூபாய். கைமாறி ஒன்பது நாள்தான் ஆகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'போய்த் தொலையட்டும்' என்று விட்டுவிடுகிற குணம் எனக்கு உண்டு.

எனக்கு வேண்டியிருந்தது கண்மாய்க்குள் இறங்கி ஏறக்கூடிய ஒரு சின்ன வண்டி. எங்கள் ஐயா (தாத்தா) ஜீப்பில் முயல் வேட்டைக்குப் போனவர். ஆளுக்கு இரண்டு முயலைத் தூக்கிப் பிடித்தபடி நாலு பேர் பானெட்டில் சாய்ந்து நிற்கும் படம் இன்றும் முகப்பில் தொங்குகிறது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னால் அந்தக் கதை முடிந்தது. எனக்கு வேட்டை என்றால் கேமராதான். கவுதாரி, காட்டு முயல், மழைக்காலத்தில் வந்து இறங்கும் நாரைகள். (வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளக்கூடாது என்று கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. அந்தப் பக்கம் போனால் வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் போவேன்.)

நம் பக்கத்து மண்ணுக்குக் கனமான வண்டி ஆகாது. கோடையில் செம்மண் கல்லாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் உள்வாயில் கால் வைத்தால் முழங்கால் வரை போகும். மஹிந்திரா தார் நல்ல வண்டிதான், ஆனால் ஒன்றரை டன்னுக்கு மேல். புதைந்தால் இழுக்க டிராக்டர் தேடவேண்டும். கரையும் மாட்டுவண்டித் தடமும் அதன் அகலத்துக்கு இடம் கொடுக்காது. 2023-இல் வந்த மாருதி ஜிம்னி ஏறக்குறைய 1,200 கிலோ. பிடித்திருந்தது, ஆனால் விலை 12 லட்சத்துக்கு மேல். மிஞ்சியது பழைய மாருதி ஜிப்ஸி. ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை, தனிச் சட்டகம் (சேஸிஸ்), பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்), 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜின், சாதாரண நான்கு சக்கர ஓட்டத்துக்கும் மெதுவான நான்கு சக்கர ஓட்டத்துக்கும் தனியாக ஒரு சின்ன கியர். இதுவரை என் கணக்கில் பிழை இல்லை.

பழைய வாகனங்களைச் 'சோதித்து' விற்கும் ஓர் இணையத்தளத்தில் 2012 மாடல் ஒன்று கிடைத்தது. இருநூறு இடங்களைப் பார்த்ததாக ஓர் அறிக்கையும் இருந்தது. 'நான்கு சக்கர இயக்கம்: சரி' என்று பச்சை நிறத்தில் டிக் போட்டிருந்தார்கள். வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்தவன் முப்பது வயதுக்குள் இருப்பான். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தான். தூண்களைத் தடவிப் பார்த்து "பர்மா தேக்கா அண்ணே?" என்றான். பிறகு, "அண்ணே, நீங்கள் எந்தக் கோயில்?" என்று கேட்டான். நகரத்தார் ஒன்பது கோயில்காரர்கள்; இந்தக் கேள்வி வந்தால் கேட்பவனும் நம் ஆள் என்று அர்த்தம். இலுப்பைக்குடி என்றேன். "நான் மாத்தூர்" என்றான். அவ்வளவுதான். உள்ளே சாய்வு நாற்காலியில் இருந்த எங்கள் அப்பச்சி (அப்பா), "நம் பிள்ளையா, அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டார்கள். அவன் மாத்தூரோ, மலேசியாவோ, யார் கண்டது! அந்த ஒரு கேள்விக்குப் பிறகு நான் வண்டிக்குக் கீழே குனியவே இல்லை.

ஓட்டிப் பார்த்தது காரைக்குடி சாலையில். சின்ன கியரைப் போட்டுக் காட்டினான். டாஷ்போர்டில் நான்கு சக்கர விளக்கு எரிந்தது. வண்டியை ஒடித்துத் திருப்பிப் பார்க்கிறேன் என்றேன். "வேண்டாம் அண்ணே, தார்ச்சாலையில் இதைப் போட்டுத் திருப்பினால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும், வண்டி கெட்டுவிடும்" என்றான். அது உண்மை. ஜிப்ஸியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் அமைப்பு கிடையாது. காய்ந்த சாலையில் அப்படி ஓட்டக்கூடாதுதான். பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். உண்மையைச் சொல்லி ஏமாற்றினான். அன்று மாலையே 3,85,000 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

ஐந்தாம் நாள் மழை விட்டதும் கண்மாய்க்குள் இறங்கினேன். இருபதடி கூடப் போகவில்லை. பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைக்கின்றன, முன்சக்கரங்கள் கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி அசையாமல் இருக்கின்றன. விளக்கு மட்டும் அழகாக எரிகிறது. டிராக்டர் வைத்து இழுத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கீழே படுத்தார், அரை நிமிடத்தில் எழுந்தார். "முன் புரொப்பல்லர் ஷாஃப்டே இல்லையே, பார்க்கவில்லையா?" நடுப்பெட்டியிலிருந்து முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு அது. பெட்ரோல் மிச்சம் பிடிக்கவோ, உதிரிக்காகவோ யாரோ எப்போதோ கழற்றியிருக்கிறார்கள். விளக்கின் சுவிட்ச் நடுவிலுள்ள கியர்பெட்டியில் இருக்கிறது. ஷாஃப்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது எரியும். பின்பக்கம் சட்டகத்தில் துருப்பிடித்த இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட் வேறு.

தளத்தை அழைத்தேன். முதல் நாள், "உங்கள் புகார் பதிவாகிவிட்டது, 48 மணி நேரம்." இரண்டாம் முறை, "வாகனம் உள்ளது உள்ளபடியே விற்கப்பட்டது, பக்கம் 7 பாருங்கள்." அறிக்கையில் 'சரி' என்று போட்டிருக்கிறீர்களே என்றால், "விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை." இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் குரலில் சின்னத் தயக்கம் கூட இல்லை. கடைசியாக அந்தப் பையனையே பிடித்தேன். "சார், நான் வெறும் கமிஷன் ஆள் சார்" என்றான். 3,85,000 ரூபாய் கைக்குப் போகும்வரை அண்ணன். போன பிறகு சார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது சிவகங்கையில் நுகர்வோர் ஆணையம். அப்பச்சியிடம் இன்னும் முழுத்தொகையைச் சொல்லவில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை ஒன்றொன்றாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. டார்ச் எடுத்துக்கொண்டு கீழே படுங்கள், வேட்டி அழுக்கானால் ஆகட்டும். நடுப்பெட்டியிலிருந்து முன்னால் ஒரு தண்டு, பின்னால் ஒரு தண்டு, இரண்டையும் கண்ணால் பாருங்கள். உழுத மண்ணிலோ மணலிலோ ஓட்டிக் காட்டாத வண்டிக்கு ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்காதீர்கள். பெயிண்டுக்கு அடியில் துரு இருக்கிறதா என்று பின் பட்டைவில் மாட்டியிருக்கும் இடத்தில் சுத்தியலால் தட்டுங்கள். விற்க வந்தவன் கோயில் கேட்டால்

எழுதிக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக்கிடமிருந்து அழைப்பு. முன் அச்சைத் திறந்துவிட்டாராம். உள்ளே கிரவுன் வீலும், அதாவது அச்சைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரமும், இல்லையாம்.